அப்பாவுக்கு இப்போது பஸ்ஸில் சத்தி வருவதில்லை

கேள்வி: வணக்கம் டொக்டர். நான் துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அப்பாவுக்கு 63 வயது. வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்கிறவர். நாலு வருடமாகச் சிறுநீரகக் கிளினிக்குக்கு வவுனியா போய் வருகிறார். ஆறு மாதத்துக்கு முன் கால் புண் பழுத்துக் காய்ச்சல் வந்து வார்ட்டில் மறித்துவிட்டார்கள். பதினொரு நாள் ஊசி போட்டது. புண் ஆறிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு கிழமையில் தள்ளாட்டம் தொடங்கியது. பகலில் பரவாயில்லை, இருட்டினால் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார். முகம் கழுவக் கண்ணை மூடினால் சரிகிறார். நடக்கும்போது எதிரே வருகிறவரின் முகம் துள்ளுகிறது என்கிறார். எல்லாம் சுழலுகிற கிறுதி ஒன்றும் இல்லை, காதும் நன்றாகக் கேட்கிறது. காதுக்குள் சமநிலைக் கெமிக்கல் குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். பீற்றாஹிஸ்டின், புரோகுளோர்பெரசின் என்ற இரண்டு குளிசையும் நாலு மாதமாகப் போடுகிறார், மாற்றம் இல்லை. அந்தக் கெமிக்கலை ஊசியாக ஏற்ற முடியாதா? பக்கத்து வீட்டு அன்ரிக்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைத்தே ஒரு நாளில் சுகமாக்கினார்கள். அப்பாவுக்கும் செய்யலாமா? பின்னேரத்தில் குடிக்கிற கள்ளுத்தான் காரணம் என்று அம்மா சண்டை பிடிக்கிறா. இன்னொன்று: முந்தி பஸ் ஏறினாலே அப்பாவுக்குச் சத்தி வரும். இப்போது வருவதில்லை. இது சுகமாகி வருவதன் அறிகுறியா?

— ஒரு மகள், மல்லாவி

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை முடித்துவிட்டுக் கடைசி வரிக்குத்தான் திரும்பப் போனேன். பஸ்ஸில் சத்தி நின்றதை நல்ல செய்தியாக நினைத்து வாலில் ஒட்டிவிட்டிருக்கிறீர்கள். எனக்கோ அதைப் படித்ததும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

பஸ்ஸில் சத்தி வருவதற்குக் காது வேண்டும். பஸ் குலுங்கக் குலுங்க, முன் சீற்றின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் "நாங்கள் அசையவில்லை" என்கிறது. காது "ஆடுகிறோம்" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்படும்போது வயிறு குமட்டும். 1882இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர், காது கேளாத வாய் பேசாத 519 பேரிடம் சுழன்றால் தலை சுற்றுகிறதா என்று விசாரித்தபோது, 186 பேருக்குச் சுற்றவே இல்லை. கேட்கும் பகுதியோடு பக்கத்தில் இருக்கிற சமநிலைப் பகுதியும் அவர்களில் பலருக்குப் போயிருந்தது. அப்படியானவர்களுக்குக் கடலும் சத்தி எடுக்க வைக்காது. அறுபது வயதுவரை பஸ்ஸில் சத்தி எடுத்த ஒருவருக்கு அது திடீரென்று நின்றால், ஒரு சாட்சி வாய் மூடிவிட்டது என்றுதான் நான் யோசிப்பேன்.

மற்ற வரிகளும் அதற்குத்தான் ஒத்து ஊதுகின்றன. இருட்டில் தள்ளாட்டம், கண்ணை மூடினால் சரிவு, நடக்கும்போது முகங்கள் துள்ளுவது, ஊசிக்குப் பிறகு தொடங்கியது, அதோடு ஏற்கெனவே பழுதான சிறுநீரகம். ஊசியின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் காட்டை எடுத்துப் பாருங்கள். அதில் ஜென்டாமைசின் என்றோ, அதே குடும்பத்து அமிக்காசின் என்றோ இருந்தால், அந்தக் கிருமிகொல்லி ஊசி காதின் சமநிலைப் பகுதியைக் கெடுத்துவிட்டது என்ற என் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதி. நான் அப்பாவைப் பார்க்கவில்லை. கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லலாம்.

இனிக் கெமிக்கல் கதை. நீங்கள் படிப்பிக்கிறவர் என்பதால் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

உட்காதின் படத்தில் மூன்று அரைவட்டக் கால்வாய்களும் அவற்றின் அடியில் இரண்டு சின்னப் பைகளும் இருக்கும். தலை திரும்புவதைக் கால்வாய்கள் பார்த்துக்கொள்ளும். தலை சரிவது, பஸ் பிரேக் அடிப்பது, கிடங்கில் விழுந்து எழும்புவது இவை பைகளின் பொறுப்பு. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு திட்டு மயிர்க்கலங்கள். ஒவ்வொரு கலத்தின் தலையிலும் படிக்கட்டுப்போல உயரம் கூடிக்கூடிப் போகும் ஒரு கற்றை மயிர். குட்டை மயிரின் நுனியிலிருந்து பக்கத்து நெட்டை மயிருக்கு மெல்லிய புரத இழை ஒன்று கட்டியிருக்கும். கற்றை நெட்டைப் பக்கம் சாய்ந்தால் அந்த இழை இறுகி, மயிர் நுனியில் இருக்கும் வாசலை இழுத்துத் திறக்கும்.

வவுனிக்குளத்துத் துருசை, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகை, நினைத்துக்கொள்ளுங்கள். அணைக்கு மேலே தண்ணீர் தேங்கி நிற்பதுபோல மயிர்க்கற்றைக்கு மேலே அகநிணநீர் நிற்கிறது. அது விசித்திரமான நீர். உடம்பில் மற்ற எல்லா இடத்திலும் கலத்துக்கு வெளியே சோடியம் கூட, உள்ளே பொட்டாசியம் கூட. இங்கே தலைகீழ். அப்பாவின் கிளினிக் ரிப்போட்டில் பொட்டாசியம் என்று ஒரு வரி இருக்கும், 3.5க்கும் 5க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பார்கள். அகநிணநீரில் அதே கணக்கில் அது 140க்கு மேல். துருசு திறந்ததும் பொட்டாசியம் கலத்துக்குள் பாய்கிறது. கலத்தின் மின்னழுத்தம் மாறுகிறது. அதைக் கண்டு கலத்தின் அடிப்பக்கத்தில் கல்சிய வாசல்கள் திறக்கின்றன. கல்சியம் நுழைந்ததும், அங்கே நாடாபோன்ற ஒரு அமைப்பில் வரிசையாகக் காத்து நிற்கிற நுண்ணிய பொதிகள் உடைந்து குளுட்டமேட்டைக் கொட்டுகின்றன. நரம்பிணைப்பின் அந்தப் பக்கத்தில் நரம்பு நார் அதை வாங்கிக் கணத்தாக்கமாக, அதாவது மின் துடிப்பாக, மூளைக்கு அனுப்புகிறது.

இதில் எனக்கு எப்போதும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தலை அசையாமல் இருக்கும்போதும் துருசு முழுக்கப் பூட்டுவதில்லை, கொஞ்சம் கசியவிட்டபடி இருக்கும். அதனால் நரம்பு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். குரங்குகளில் அளந்தபோது சும்மா இருக்கும் ஒரு நாரே விநாடிக்கு ஏறத்தாழ 90 தடவை துடித்தது. தலையை வலப்பக்கம் திருப்பினால் வலக்காதின் பேச்சு கூடும், இடக்காதின் பேச்சு குறையும். மூளை இரண்டையும் கழித்துப் பார்த்துத்தான் திரும்பியதை அறிகிறது. ஒரு காது மட்டும் திடீரென்று ஓய்ந்தால், படுக்கையில் அசையாமல் கிடந்தாலும் மற்றக் காதின் பேச்சு மிஞ்சி நிற்கும். மூளை அதைச் சுழற்சி என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் கிறுதி. இரண்டு காதும் ஒரே அளவில் மெல்ல மெல்ல ஓய்ந்தால் கழித்தல் கணக்கு பூச்சியம்தான். எதுவும் சுழலாது. மனிதர் வெறுமனே தள்ளாடுவார். உங்கள் அப்பாவுக்குக் கிறுதி இல்லாததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எங்கள் தமிழில் எல்லாவற்றுக்கும் "தலைச்சுத்து" என்று சொல்லிவிடுகிறோம். பசி மயக்கமும் தலைச்சுத்து, பிறஷர் குறைந்தாலும் தலைச்சுத்து, தள்ளாட்டமும் தலைச்சுத்து. அந்தச் சொல் காதில் விழுந்ததும் டொக்டரின் பேனை தானாகத் தலைச்சுத்துக் குளிசையை எழுதிவிடுகிறது. என் பேனையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மயிர்க்கலங்களில் இன்னொரு வகையும் இருக்கிறது. குடுவை வடிவில், நரம்பின் நுனி ஒரு கோப்பைபோல முழுதாகச் சூழ்ந்திருக்கும். அங்கே குளுட்டமேட் பொதி உடையும்வரை எல்லாம் காத்திருப்பதில்லை. கலத்திலிருந்து வெளியேறும் பொட்டாசியம் அந்த ஒடுங்கிய இடைவெளியில் தேங்கி நேரே நரம்பை உசுப்பிவிடும். இது எப்படி நடக்கிறது என்பதைக் கணித மாதிரி கட்டி விளக்கிய ஆய்வு 2023இல்தான் வெளிவந்தது. அவ்வளவு அவசரம் எதற்கு? நீங்கள் நடக்கும்போது தலை ஒவ்வொரு அடிக்கும் துள்ளுகிறது. அதே வேகத்தில் கண் எதிர்த்திசைக்குத் திரும்பாவிட்டால் உலகம் துள்ளும். காதிலிருந்து கண்ணின் தசைக்கு வெறும் மூன்று நரம்புக்கலங்கள்தான் தூரம், விநாடியின் நூறில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடும். அந்தச் சேதி போகாததால்தான் அப்பாவுக்கு எதிரே வருகிறவரின் முகம் துள்ளுகிறது. காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் ஊசி போட்டு இதே நிலைக்கு ஆளான ஒரு வைத்தியர் 1952இல் தன் அனுபவத்தை எழுதினார். படுக்கையில் புத்தகம் வாசிக்கும்போது தன் நாடித்துடிப்புக்கே எழுத்துகள் ஆடியதால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளில் தலையை அணைத்து வைத்துத்தான் வாசித்தாராம். ஸ்ரெப்ரோமைசின் ஜென்டாமைசினுக்கு அண்ணன் முறை.

ஜென்டாமைசின் என்ன செய்கிறது? அது இரத்தத்திலிருந்து அகநிணநீருக்குள் கசிந்து, பொட்டாசியம் போகிற அதே துருசால் மயிர்க்கலத்துக்குள் போகிறது. போனது இலேசில் திரும்பி வராது. மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்து, கலத்துக்குச் சக்தி தருகிற இழைமணிகளைக் கெடுக்கும், கலம் செத்துவிடும். குடுவை வடிவக் கலங்கள்தான் முதலில் போகும். ஊசி முடிந்து நாள்கள், கிழமைகள் கழித்துத் தள்ளாட்டம் தொடங்குவது அதனால்தான். மற்ற ஊசிகளில் சில கேட்கும் பகுதியை முதலில் தாக்கும். ஜென்டாமைசினோ பெரும்பாலும் சமநிலைப் பகுதியைத்தான் பிடிக்கும். "காது நல்லாக் கேக்குது, அப்ப காதில பிழை இல்லை" என்று எல்லோரும் ஏமாறுகிற இடம் இது. இந்த மருந்து உடம்பை விட்டு வெளியேற ஒரே வழி சிறுநீரகம். அந்த வழி அடைபட்டவருக்கு மருந்து தேங்கும். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளர் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஊசி போட்டவரைத் திட்ட வேண்டாம். காலில் தொடங்கிய கிருமி இரத்தத்தில் ஏறியிருந்தால் அப்பா இன்று வயலைப் பற்றிக் கவலைப்பட இருந்திருக்க மாட்டார். மலிவான, கையில் உடனே கிடைக்கிற, உயிர் காக்கிற மருந்து அது. என் கதை ஒன்றையும் சொல்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் வேலை செய்த இளம் வைத்தியன் நான். அலுமாரியைத் திறந்தால் இருந்ததில் நம்பக்கூடியது ஜென்டாமைசின்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க வசதி இல்லை. வயிற்றில் கிருமி ஏறி வந்த ஒரு வயதான அம்மாவுக்கு இரண்டு கிழமை எழுதினேன். பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து வந்து, "தம்பி, நிலம் பஞ்சு மாதிரிக் கிடக்குது" என்றார். நான் விற்றமின் குளிசை எழுதி அனுப்பினேன். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் எடுத்தது. அதற்குள் அவரைத் தேடிப் போகிற இடமெல்லாம் இடம்பெயர்ந்துவிட்டது.

சரி, உங்கள் கேள்வி: அந்தக் கெமிக்கலை ஊசியாக ஏற்ற முடியாதா? எதை ஏற்றுவது? பொட்டாசியத்தையா? சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகும். அந்த எண்ணமே வேண்டாம். குளுட்டமேட்டையா? கடைச் சோற்றுக்குப் போடுகிற அஜினோமோட்டோ அதன் உப்புத்தான். கிலோக் கணக்கில் தின்றாலும் நரம்பிணைப்பின் அந்த மயிரிழை இடைவெளியில் தேவையான நேரத்தில் தேவையான அளவு போய் விழாது. உண்மையில் அப்பாவின் காதில் கெமிக்கல் எதுவும் குறையவில்லை. குளத்தில் தண்ணீர் நிற்கிறது. துருசும் அதைத் திறக்கிறவனும்தான் இல்லை.

பீற்றாஹிஸ்டின், உடம்பில் சேதி கொண்டுபோகும் ஹிஸ்டமின் என்ற பொருளின் உறவுக்காரன். மூளையில் ஹிஸ்டமினின் சேதியை ஏற்கும் ஒரு வாங்கியைத் தடுத்து, உட்காதுக்கு இரத்த ஓட்டத்தையும் கூட்டும் என்ற நம்பிக்கையில் அது கொடுக்கப்படுகிறது. அதன் பிரதான களம் மெனியே நோய், அதாவது அகநிணநீர் பொங்கிக் கிறுதி, இரைச்சல், கேட்கும் திறன் குறைவு எல்லாம் சேர்ந்து வரும் நோய். அந்தச் சொந்தக் களத்திலேயே ஜெர்மனியில் 221 பேரை வைத்து ஒன்பது மாதம் செய்த ஆய்வில் வெற்றுக் குளிசைக்கும் அதற்கும் கிறுதித் தாக்குதல்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் காணவில்லை. முடிவு 2016இல் வெளிவந்தது. செத்த மயிர்க்கலத்தை அது எழுப்பும் என்று யாரும் காட்டியதே இல்லை. கைக்காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் காசைக் கைவிளக்குக்குச் செலவழிக்கலாம்.

அதிகம் பயமுறுத்துவது மற்றக் குளிசைதான். புரோகுளோர்பெரசின், மூளையில் சேதி கடத்தும் டோப்பமின் என்ற பொருளை அடக்கும். சத்தியோடு கடுமையான கிறுதி வந்தால் இரண்டு மூன்று நாளுக்கு அது தெய்வம். நாலு மாதம் போட்டால் வயதானவருக்குக் கை நடுக்கம், உடல் விறைப்பு, கால் இழுத்து இழுத்து நடப்பது எல்லாம் வரலாம். தள்ளாட்டத்துக்குப் போட்ட குளிசையே தள்ளாட்டத்தைக் கூட்டும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. காது போனபின் மிஞ்சிய சேதிகளை வைத்து நடக்கப் பழகுவது மூளையின் வேலை. அதைத் தூங்க வைக்கும் எந்தக் குளிசையும் அந்தப் படிப்பைப் பின்தள்ளும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த கிளினிக்கில் "நாலு மாசமாப் போடுறார், கிறுதி எண்டு ஒண்டுமே இல்லை, இன்னும் தேவையோ?" என்று நேராகக் கேளுங்கள்.

செத்த கலம் திரும்ப முளைக்காதா என்று கேட்பீர்கள். உங்கள் முற்றத்துக் கோழிக்கு முளைக்கும். 1988இல் பறவைகளின் உட்காதில் செத்த மயிர்க்கலங்களுக்குப் பதில் புதியவை சில கிழமைகளில் வளர்வதைக் கண்டபோது எங்கள் துறையே திகைத்துப்போனது. மீனுக்கும் முளைக்கும். பாலூட்டிகளின் சமநிலைப் பகுதியிலும் கொஞ்சம் முளைக்கிறது என்று பிறகு கண்டார்கள். ஆனால் பயன்படும் அளவுக்கு முளைப்பதில்லை. அதைத் தூண்டும் மருந்து எதுவும் இன்று கிளினிக்கில் இல்லை, யாராவது விற்றால் வாங்காதீர்கள். அரைகுறையாகக் காயப்பட்ட கலங்கள் தேறி, முதல் வருடத்துக்குள் சிலருக்கு ஓரளவு மீட்சி வருவது உண்டு. ஆறு மாதம்தான் ஆகிறது, அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு அன்ரியின் வருத்தம் வேறு. சின்னப் பையில் கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் ஒட்டியிருக்கும். அவை கழன்று கால்வாய்க்குள் உருண்டால், படுக்கையில் புரளும்போது ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வீடு சுற்றும். தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்க வைப்பது அந்தப் பளிங்குகளைப் பைக்குத் திருப்பி உருட்டத்தான். அப்பாவுக்குப் புரளும்போது ஒன்றும் சுற்றவில்லையே, உருட்டிவிட அங்கே ஒன்றும் இல்லை.

கள்ளு விஷயத்தில் அம்மா பாதி சரி. மதுசாரம் இரத்தத்திலிருந்து முதலில் கால்வாயின் அடியில் இருக்கும் ஊன்பசைப் படலத்துக்குள் ஊறும், சுற்றியுள்ள நீருக்குள் பிந்தித்தான் ஊறும். மதுசாரம் தண்ணீரைவிட இலேசு என்பதால் படலம் மிதக்கத் தொடங்கும். குடித்துவிட்டுப் படுத்தவருக்குக் கட்டில் சுற்றுவது அதனால்தான். சில மணித்தியாலத்தில் இரண்டும் சமனாகிச் சுற்று அடங்கும், விடியப்புறம் படலத்திலிருந்து மதுசாரம் முதலில் வடிந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இது ஒரு இரவுக் கூத்து. ஆறு மாதத் தள்ளாட்டத்துக்கு இது காரணம் ஆகாது. ஆனால் மதுசாரம் மூளையையும் மந்தமாக்கும். பின்னேரம் குடித்துவிட்டு இருட்டில் வரம்பில் நடக்கிற பழக்கத்தை அவர் இப்போது விடத்தான் வேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள், காரணம் பிழை, கண்டிப்பு சரி என்று.

இனிச் செய்ய வேண்டியது. காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். அங்கே டொக்டர் அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, தலையைச் சடாரென்று ஒரு சின்னத் திருப்புத் திருப்புவார். நல்ல காது என்றால் கண் மூக்கைவிட்டு நகராது. காது போயிருந்தால் கண் தலையோடு இழுபட்டுப் போய், பிறகு ஒரு துள்ளலில் மூக்குக்குத் திரும்பும். 1988இல் சிட்னியில் இருவர் விவரித்த சோதனை. கரண்டும் வேண்டாம், கருவியும் வேண்டாம். வீட்டில் நீங்கள் செய்யாதீர்கள், கழுத்து எலும்பு தேய்ந்த வயது. காதுக்குள் சூடான நீரும் குளிர்ந்த நீரும் விட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. காது கழுவும் நீர் குளிர்ந்திருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுகிறது, சூடானால் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது என்று கவனித்தே ரொபேர்ட் பாரானி 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்றார். செய்தி எட்டியபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். கூடவே சீனி, விற்றமின் பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கால் நரம்பும் மரத்திருந்தால் கதை இன்னும் சிக்கல்.

ஏனென்றால் மனிதன் நிமிர்ந்து நிற்பது மூன்று சாட்சியால்: காது, கண், உள்ளங்கால். அப்பாவுக்கு இனி இரண்டுதான். இருட்டு ஒன்றைப் பறிக்கும், சேறு மற்றதைப் பறிக்கும். யானைக் காவலுக்கு இரவில் வயல் வரம்பில் போவது இரண்டையும் ஒன்றாகப் பறிகொடுப்பது. அதை வேறு யாராவது பார்க்கட்டும். போகத்தான் வேண்டும் என்றால் நெற்றியில் கட்டும் விளக்கும் கையில் ஒரு தடியும் வேண்டும். தடியில் சாய வேண்டியதில்லை, நுனி நிலத்தைத் தொட்டால் போதும், அந்தத் தொடுகையே மூளைக்கு ஒரு சேதி. தடித்த ரப்பர்ச் செருப்பு உள்ளங்காலைக் குருடாக்கும். பின்பட்டி வைத்த மெல்லிய செருப்பு நல்லது.

குளமும் வாய்க்காலும்தான் எனக்குப் பெரிய பயம். கலங்கல் தண்ணீரில் மூழ்கியவருக்குக் கண்ணும் இல்லை, உள்ளங்காலும் இல்லை. காதும் இல்லாவிட்டால் மேல் எது கீழ் எது என்றே தெரியாது. நீந்தத் தெரிந்தவர்களும் அடிப்பக்கமாக நீந்தி முடிந்துபோகலாம். அப்பா இனிக் குளத்தில் முழுகக் கூடாது. கிணற்றடியில் குளிப்பதென்றால் கதிரையில் இருந்து குளிக்கட்டும். கட்டு இல்லாத கிணறு என்றால் கிட்டவே போகவேண்டாம். சவர்க்காரம் போடும்போது ஒரு கை சுவரில். மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், மரமேறுவது எல்லாம் இப்போதைக்கு நிறுத்தம்.

பயிற்சிக்கு உங்கள் வீட்டுச் சுவர்க் கலண்டரே போதும். பெரிய எழுத்தில் திகதி போட்ட கலண்டர்த் தாளுக்கு நேரே, ஒரு பாகத் தூரத்தில் (இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம்) கதிரையில் இருத்துங்கள். திகதியை விட்டுக் கண் எடுக்காமல், "இல்லை" என்று தலையாட்டுவதுபோல இடமும் வலமும் ஆட்டட்டும். எண் மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகம்தான் சரியான வேகம். முதல் நாள் அரை நிமிடம், பழகியதும் ஒரு நிமிடம். பிறகு "ஓம்" என்பதுபோல மேலும் கீழும். நாள் முழுக்கக் கூட்டினால் 20 முதல் 40 நிமிடம் வரவேண்டும், ஒரே இருப்பில் அல்ல. கொஞ்சம் அலுப்பும் மங்கலும் வரும், வரட்டும். ஒரு கிழமையில் இருந்து செய்ததை நின்று செய்யட்டும், பிறகு காலைச் சேர்த்து வைத்து, பிறகு திண்ணையோரம் நடந்தபடி. நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் வேண்டும். இரண்டு மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பகுதி இருந்தால் அவர்களிடம் இதைக் காட்டிச் சரிபார்க்கலாம். விடியக் காலையில் வெறுங்காலோடு முற்றத்து மணலில் நடப்பதும் மருந்துதான், ஆனால் புண் ஆறிய காலைத் தினமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனையால் எழுதுங்கள்: "சிறுநீரக நோய். ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ரெப்ரோமைசின் வேறு வழி இல்லாவிட்டால் மட்டும்." சிறுநீரைக் கூட்டுவதற்கு நரம்பில் ஏற்றும் புரூசமைட் கூடச் சேர்ந்தால் தீங்கு கூடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள், சிறுநீரகக்காரருக்கு அது அடிக்கடி தேவைப்படும் மருந்து. சகோதரர்கள், மாமன்மார் யாருக்காவது ஊசி போட்டபின் காது கேளாமல் போனதாக வீட்டில் கதை இருந்தால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள். தாய்வழியாக வரும் இழைமணிக் குறை ஒன்று இந்த ஊசிகளுக்குக் காதை இலகுவில் பலிகொடுக்கும்.

அடுத்த முறை வவுனியாவுக்குக் கிளினிக் போகும்போது அப்பாவை யன்னல் கரையில் இருத்துங்கள். மாங்குளம் தாண்டியதும் றோட்டுக் கரைப் போர்டுகளை வாசிக்கச் சொல்லுங்கள். கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை என்று எத்தனையை ஓடுகிற பஸ்ஸிலிருந்து வாசித்தார் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். கலண்டர்ப் பயிற்சி தொடங்கி இரண்டு மாதம் கழித்து அதே பஸ்ஸில் அதே கரையில் இருந்து திரும்ப எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள். சத்தி திரும்ப வந்தாலும் எழுதுங்கள், அதைக் கேட்டால் சந்தோசப்படுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.